காத்துல கை வெக்கிறவனே, கொஞ்சம் குந்து

டேய் பேராண்டி, உன் மடியில குந்திகினு இருக்கிற அந்த லேப்டாப்புப் பொட்டிக்குள்ள ரெண்டு ரேடியோ ஸ்டேஷன் ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா? வைஃபைன்னு ஒண்ணு, புளூடூத்துன்னு ஒண்ணு. ரெண்டும் சும்மா கேட்டுகினு மட்டும் இருக்கல. பதிலும் பேசுது. நீ தூங்குறப்பவும் சில நேரம் பேசிகினு கெடக்குது. இன்ஜினியரிங் படிக்கிற பையன், இதைப் போய் மாதவரம் பால்பண்ணை தபால் ஆபீசுல ரிடையரான தபால்காரன் கிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கிறியேன்னு வெக்கப்படாத. வெக்கப்படுறதுக்கு இன்னும் நெறைய இருக்கு, ஒண்ணொண்ணா வர்றேன்.

எனக்கு எப்படித் தெரியும்னு தானே பாக்குற? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல வீட்டுல ஒரு ரேடியோ வெக்கணும்னா தபால் ஆபீசுல வந்து லைசென்சு எடுக்கணும். சும்மா பாட்டு கேக்குற ரேடியோடா! வருஷத்துக்கு 15 ரூபா. அந்தக் காலத்து 15 ரூபா. பாஸ்புக்கு கணக்கா ஒரு புக்கு இருக்கும், அதுல வருஷா வருஷம் பதிவு பண்ணணும். பண்ணலன்னா ஆபீசர் வந்து வாசல்ல நிப்பாரு. உள்ள டி.எம்.எஸ். பாடுறது தெருக்கோடி வரைக்கும் கேக்கும், வீட்டுக்காரன் "எங்க வீட்டுல ரேடியோவே இல்லைங்க"ன்னு கையைப் பெசைவான். பக்கத்து வீட்டுக்காரன் வந்து "ஆமாங்க, அது என் பொண்டாட்டி பாடுறா"ன்னு சாட்சி சொல்வான். அப்படி ஒரு காலம். எண்பதுகளோட நடுவுலதான் அந்த லைசென்சை எடுத்தாங்க.

அதுக்குப் பின்னாடி இருந்த சட்டம் 1933-ல வெள்ளைக்காரன் போட்டது. இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம். லைசென்சு இல்லாம வயர்லெஸ் கருவி எதையும் கையில வெச்சிருந்தாலே குத்தம். உபயோகிக்கக்கூட வேணாம், வெச்சிருந்தாலே போதும். நீ நெனைக்கிற, அதெல்லாம் செத்துப் போன சட்டம், லேப்டாப்புக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்னு. அங்கதான் ஏமாந்த. வைஃபை கார்டும் வயர்லெஸ் கருவிதான். பேசுற கருவி வேற. சட்டப்படி பாத்தா உன்னைப் புடிச்சி உள்ள போட்டிருக்கணும். ஏன் போடல? 2005 ஜனவரி 28-ல டெல்லிக்காரன் ஒரு விதி போட்டு, "2.4 கிகாஹெர்ட்ஸ்ல இருந்து 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் சக்தி கம்மியான கருவிக்கு லைசென்சு வேணாம்"னு மனசு எறங்கினான். அந்த வாசல் வழியாத்தான் உன் வைஃபை, புளூடூத்து, கம்பி இல்லாத எலி, காதுல சொருகிகினு திரியிற அந்தப் பஞ்சு எல்லாம் உள்ள வந்தது. 2018 அக்டோபர்ல 5 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கதவைத் தொறந்து விட்டான்.

ஆக, நீ வைஃபையில படம் பாக்குறது உன் உரிமையில்லடா. விதிவிலக்கு. விதிவிலக்குன்னா நிபந்தனை உண்டு. அது இன்னான்னு உங்க காலேஜுல எவனாவது சொல்லிக் குடுத்தானா? மாட்டான். அவனே மாடி மேல ஏறி செல்போனைத் தூக்கிப் புடிச்சிகினு நிக்கிறான்.

முதல் நிபந்தனை, அளவு. டிரான்ஸ்மிட்டர் ஒரு வாட்டுக்கு மேல போகக் கூடாது, ஆன்டெனாவோட சேந்து வெளிய போற சக்தி 4 வாட்டுக்கு மேல போகக் கூடாது. ஆன்டெனாவும் கட்டடத்து மொட்டை மாடிக்கு மேல அஞ்சு மீட்டருக்குள்ள இருக்கணும். உன் லேப்டாப்பு பாவம், அதுல பத்துல ஒரு பங்கு கூடப் பல நேரம் எடுக்காது. அதைப் பத்திக் கவலையில்ல. நீயும் உன் கூட்டாளியும் சேந்து சவுக்குக் கழியில டப்பாவைக் கட்டி, மாடியில ஏத்தி, "ரெட்டேரி வரைக்கும் சிக்னல் அடிப்போம்"னு பிளான் போட்டீங்களே, அதைப் பத்தித்தான் பேசுறேன். கழியை எறக்கு. துணி காயப்போட உங்க ஆயாவுக்கு ஆவும்.

ரெண்டாவது நிபந்தனைதான் எனக்குப் புடிச்சது. இந்த அலைவரிசையில நீ யாருக்கும் இடைஞ்சல் பண்ணக் கூடாது. சரி, ஞாயம். உனக்கு எவனாவது இடைஞ்சல் பண்ணா? நீ புகார் குடுக்க முடியாது! பொதுவுல விட்ட எடம், ஒண்டிகினு இருந்துக்கோன்னுட்டான். மேல் வீட்டு அக்கா மைக்ரோவேவ் அடுப்புல பழைய சாம்பாரைச் சுட வெக்கிறப்பல்லாம் உன் வீடியோ நின்னு போவுதுன்னு குதிக்கிறியே, அந்த அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ்லதான் வேலை செய்யிது. டெல்லி வரைக்கும் போனாலும் சாம்பாருக்குத்தான் ஜெயம். பேசாம 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கோ. அது செவுரைத் தாண்டுறதுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனா அங்க சாம்பார் வராது. இன்னொண்ணு, எவனோ யூடியூப்ல சொன்னான்னு செட்டிங்குல போய் நாட்டை அமெரிக்கான்னு மாத்தி வெக்காத. எந்த நாட்டுல எந்தச் சேனல், எவ்ளோ சக்தின்னு அந்தப் பொட்டி அதை வெச்சித்தான் முடிவு பண்ணும். மாதவரத்துல குந்திகினு அமெரிக்காக்காரன் விதிக்கு ஆடினா ரெண்டு ஊருக்கும் ஆகாது.

இப்ப எம்டன் கதை. சிரிக்காத. எங்க தாத்தா ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் வந்து மெட்ராஸ் மேல குண்டு போட்டுது, பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய் டேங்கு பத்திகினு எரிஞ்சுது. ஊரே மூட்டை முடிச்சைக் கட்டிகினு ஓடிச்சி. அதெல்லாம் எல்லாரும் சொல்ற கதை. எவனும் சொல்லாதது ஒண்ணு இருக்கு. அந்தக் கப்பலோட கேப்டன், ஃபான் முல்லர்னு பேரு, எத்தினி வாரம் இந்தியப் பெருங்கடல்ல சுத்தினான் தெரியுமா, தேடி வந்த எந்த இங்கிலீஷ் போர்க்கப்பல் கையிலயும் மாட்டாம? இங்கிலீஷ் கப்பலுங்க வயர்லெஸ்ல ஓயாம பேசிகினு இருந்துதுங்க. இவன் வாயை மூடிகினு காதை மட்டும் தொறந்து வெச்சான். எவன் பேசுறான், சத்தம் பெருசாவுதா சின்னதாவுதா, அதை வெச்சே யார் கிட்ட வர்றான்னு கண்டுபுடிச்சான். பேசினவன் மாட்டினான், பேசாதவன் பொழைச்சான்.

அப்புறம் எப்படி மாட்டினான்? நவம்பர் 9. கோக்கோஸ் தீவுக் கூட்டத்துல டைரக்ஷன் தீவுன்னு ஒண்ணு, அங்க இங்கிலீஷ்காரன் கேபிள் ஸ்டேஷன், வயர்லெஸ் கம்பம் எல்லாம் இருந்தது. அதை ஒடைக்கப் போனான். போற வழியில கூட வர்ற கரிக்கப்பலைக் கூப்பிட வயர்லெஸ்ல ஒரு குரல் குடுத்தான். அத்தினி நாள் அடக்கி வெச்ச வாயி. தீவுல இருந்தவன் காதுல அது விழுந்துது. ஏதோ புதுக் கப்பல் வந்திருக்குன்னு அவன் உடனே ஊரைக் கூட்டினான். எம்டன் அந்தச் செய்தியை அமுக்கப் பாத்தான், குறுக்கால தன் வயர்லெஸ்ஸை விட்டு இரைச்சல் போட்டான். முடியல. ஐம்பது மைல் தூரத்துல போய்கினு இருந்த ஆஸ்திரேலியாக் கப்பல் சிட்னி வந்து கதையை முடிச்சிது.

உனக்கு இது சரித்திரம். எனக்கு இது உன் லேப்டாப்பு. ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, காப்பிக் கடைன்னு எங்க போனாலும் வைஃபையும் புளூடூத்தும் தொறந்தே கெடக்குது. எப்பவோ ஒரு நாள் எங்கியோ ஒட்டின ஓசி வைஃபையோட பேரை உன் பொட்டி இன்னும் மறக்கல. அதே பேர்ல எவன் ஒரு கருவியை வெச்சாலும், மாமன் வீடு கணக்கா தானா உள்ள போய் குந்திக்கும். அப்புறம் நீ எங்க போற, இன்னா பாக்குறன்னு அவன் நோட்டம் வுடுவான். வேலை முடிஞ்சா அணை. "தானா சேந்துக்கோ"ங்கிற அந்தப் பொத்தானை எடுத்து விடு. வேணாத பேரை எல்லாம் அழி. புளூடூத்துல எவனோ "ஜோடி சேரலாமா"ன்னு கேட்டா, யார்னு தெரியாம தலையாட்டாத. உங்க அப்பன் கல்யாணத்துக்கே அவ்ளோ சீக்கிரம் தலையாட்டல.

சென்ட்ரல் ஸ்டேஷன்ல ஓசி வைஃபை கேட்டா போன் நம்பரைக் கேட்டு ஓடிபி அனுப்புதே, "இன்னாடா ரோதனை"ன்னு திட்டுறியே, அதுக்கும் ஒரு கதை இருக்கு. அது சிரிக்கிற கதை இல்ல. 2008 ஜூலை 26, அகமதாபாத்துல வரிசையா குண்டு வெடிச்சி 50 பேருக்கு மேல செத்தாங்க. வெடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி டி.வி.க்காரங்களுக்கு ஒரு இமெயில் வந்தது. போலீஸ் அந்த இமெயில் எந்த இணைப்புல இருந்து வந்ததுன்னு தேடிகினு போனா, நவி மும்பை சான்பாடாவுல ஒரு ஃப்ளாட்டு. குடியிருந்தவர் ஒரு அமெரிக்காக்காரர். அவருக்கும் குண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வைஃபைக்குப் பூட்டு போடாம விட்டிருந்தார், அவ்ளோதான். எவனோ கட்டடத்துக்கு வெளியில நின்னு அவர் காத்துல தபால் போட்டுட்டுப் போயிட்டான். அதோட நிக்கல. அடுத்தது மாட்டுங்கா காலேஜு ஒண்ணோட வைஃபை. செப்டம்பர்ல டெல்லிக் குண்டுவெடிப்பு அன்னிக்கு செம்பூர்ல ஒரு கம்பெனி வைஃபை. ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டினது அப்பாவி வீட்டுல.

2009 பிப்ரவரியில தொலைத்தொடர்புத் துறை எல்லா இன்டர்நெட் கம்பெனிக்கும் உத்தரவு போட்டுது: வைஃபையைப் பூட்டு, பொது எடத்துல குடுத்தா யார் உபயோகிக்கிறான்னு அடையாளம் வாங்கு. அந்த ஓடிபி அந்த உத்தரவோட வாலு. இனிமே திட்டுறதுன்னா 2008-ஐ நெனைச்சிகினு திட்டு.

பால்பண்ணைப் பக்கத்துல பொறந்தவன் நான், மாட்டுக்கணக்குல சொன்னாத்தான் எனக்கே புரியும். மாட்டைக் கட்டாம அவுத்து வுட்டா அது எவன் கொல்லையில மேயும்னு மாட்டுக்குத் தெரியாது. பவுண்டுல அடைச்சா, காசு கட்டி மீட்டுகினு வர்றது மாட்டுக்காரன்தான், மேஞ்ச மாடு இல்ல. உன் வைஃபையும் உன் பேர்ல இருக்கு. உன் தாம்புக்கயிறுதான் பாஸ்வேர்டு.

அந்தக் கயிறு எப்படியிருக்கு? ரவுட்டரைக் கொண்டாந்து மாட்டின பையன் வெச்ச பாஸ்வேர்டு அப்படியே கெடக்குது. அவன் இந்தத் தெருவுல இருக்கிற அத்தினி வீட்டுக்கும் அதையேதான் வெச்சிருப்பான். உள்ள போய் செட்டிங்கு மாத்துற பக்கத்துக்கு "அட்மின், அட்மின்". அதை எந்த ஊர்ல போய்ச் சொன்னாலும் கதவு தொறக்கும்டா. பூட்டுலயும் ரகம் இருக்கு. டபிள்யூ.இ.பி.ன்னு ஒண்ணு, 2001-லயே அதோட ஓட்டையைக் கண்டுபுடிச்சிட்டாங்க. உன்னை விட வயசான ஓட்டை. அது இருந்தா தூக்கிப் போடு. டபிள்யூ.பி.ஏ.2 இருந்தா சரி, 3 இருந்தா சோக்கு. விருந்தாளிக்குத் தனி பேர் வெக்க வசதி இருக்கு, அதை வெச்சிக்கோ. பாஸ்வேர்டு கேட்டு வர்ற சொந்தக்காரன் எல்லாம் உன் அப்பன் பேங்குக் கணக்கு ஓடுற அதே கம்பியில குந்த வேணாம்.

சரி, உன்னோடதை எவனாவது திருடினா அப்படி. நீ திருடினா? முகத்தைத் திருப்பாத. மூணாவது வீட்டு சார் வைஃபை பாஸ்வேர்டை அவரோட சின்னப் பையன் கிட்ட ஒரு சாக்லேட்டு குடுத்து வாங்கினது யாரு? தெருவே பேசுது. தகவல் தொழில்நுட்பச் சட்டம்னு 2000-ல வந்தது ஒண்ணு இருக்கு. அதுல 43-வது பிரிவு, சொந்தக்காரன் அனுமதி இல்லாம அடுத்தவன் கம்ப்யூட்டர்லயோ நெட்வொர்க்குலயோ நுழையாதங்கிது. நுழைஞ்சி நஷ்டம் பண்ணா ஈடு குடுக்கணும். அதையே திருட்டுப் புத்தியோட பண்ணா 66-வது பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்ல அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ஒரு சாக்லேட்டுக்கு அஞ்சு லட்சம்! சாயங்காலம் போய் அந்த சார் கிட்ட, "சார், உங்க வைஃபையை உபயோகிச்சிக்கட்டுமா"ன்னு வாயைத் தொறந்து கேளு. ஊருக்கெல்லாம் டியூஷன் எடுக்கிற மனுசன், தருவாரு. கூடவே உன் அரியர்ஸ் எத்தினின்னு கேப்பாரு. அந்த பயத்துலதான நீ கேக்கல?

மடியில வெச்சா உடம்புக்கு ஆகாது, கதிர் வரும்னு உங்க ஆயா கத்துறதை நான் ஒத்துக்கல. அதுல வர்ற ரேடியோ அலைக்கு எக்ஸ்ரே கணக்கா உள்ள பூந்து அணுவுல இருந்து எலக்ட்ரானைப் பிச்சி எடுக்கிற சக்தி கெடயாது. ஆன்டெனாவும் பெரும்பாலும் மேல் மூடியிலதான் இருக்கும், உன் தொடை மேல இல்ல. மடியில சுடுது பாரு, அது வெறும் சூடு, ப்ராசசரும் பேட்டரியும் விடுற சூடு. பலகை மேல வெச்சிக்கோ. ஆனா என் நெஞ்சு வேற. டாக்டர் அங்க பேஸ்மேக்கர்னு ஒண்ணைத் தெச்சி வெச்சிருக்காரு. பொதுவா 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்தா பயமில்லன்றாங்க, நீ ஒரு சாண் தள்ளி வை. போன வாரம் என் மார் மேல லேப்டாப்பைச் சாச்சிகினு "தாத்தா, இந்த மீமைப் பாரு"ன்னியே. மீமு நல்லாத்தான் இருந்தது. அதுக்காக என்னை ஏன்டா ரீசெட் பண்ணப் பாக்குற?

உங்க மாமன் டேங்கர் லாரிக்கு லோடு எடுக்க மணலி ரிஃபைனரிக்குப் போறப்ப கூட ஏறிக்குறேன்னியாமே. ஏறு, வேணாங்கல. எங்களுக்கு இன்னும் அது எம்.ஆர்.எல்.தான், போர்டுல சி.பி.சி.எல்.ன்னு மாத்தி வெச்சிட்டாங்க. அந்த கேட்டுக்குள்ள லாரி போவணும்னாலே புகைக்குழாய்ல பொறி வராம அரெஸ்டர் மாட்டணும். பெட்ரோல் ஆவி சுத்துற எடம்டா அது. தீப்பெட்டியை எடுத்துக்குறவன் உன் லேப்டாப்பை மட்டும் கொஞ்சுவானா? அங்க ரேடியோவை விட பயம், சுவிட்சு, பேட்டரி, சார்ஜர்னு எங்கியாவது ஒரு சின்னப் பொறி. பொறி வராதபடி தனியா செஞ்சி, சான்றிதழ் வாங்கின கருவிங்களைத்தான் அந்த மாதிரி எடத்துல விடுவாங்க. உன்னுது தவணையில வாங்கினது. கேட்டுக்கு வெளியிலயே டீக்கடை இருக்கு, அங்க குந்து.

விமானம் ஏறப் போறன்னு வேற கேள்விப்பட்டேன். பெல்ட்டு போடச் சொல்றப்ப நீ வைஃபை தேடாத. ஃப்ளைட் மோடுல போடு. நம்ம நாட்டு எல்லைக்குள்ள 3000 மீட்டர் ஏறின பிறகு விமானத்துல இன்டர்நெட்டு குடுக்கலாம்னு 2018 டிசம்பர்லதான் விதியே வந்தது. குடுக்குற விமானமா, எப்ப தொறக்கலாம்னு அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு சொல்லும். சொல்ற வரைக்கும் ஜன்னல்ல மணலி எப்படி இருக்குன்னு பாரு, இங்கிருந்து பாத்தா தெரியாத அழகு மேல இருந்து பாத்தாலும் தெரியாது, ஆனா பாரு.

கடைசியா ஒண்ணு, இது உன் கூட்டாளிக்கு. ஹாஸ்டல்ல வார்டன் போன் வேலை செய்யாம இருக்க ஜாமர் கெடைக்குமான்னு தேடிகினு இருக்கானாமே. எம்டனே இரைச்சல் போட்டு அமுக்கப் பாத்து ஆப்பு வாங்கினான், இவன் எம்மாத்திரம்? 1933-ஐ ஓரங்கட்ட 2023 டிசம்பர்ல புதுசா தொலைத்தொடர்புச் சட்டம் போட்டாங்க. அதுல கொஞ்சம் பிரிவு 2024 ஜூன் 26-ல இருந்து நடைமுறைக்கு வந்திருச்சி. 42-வது பிரிவைப் பாரு. அனுமதி இல்லாம சிக்னலைத் தடுக்கிற கருவியைக் கையில வெச்சிருந்தாலே மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்ல 50 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். வீட்டுல டவர் எடுக்கலன்னு கடையில பூஸ்டர் விக்கிறானே, அதுவும் அனுமதி இல்லாம மாட்டக் கூடாத சாமான்தான், சுத்துவட்டாரத்துக்கே சிக்னலைக் கெடுக்கும். ஆன்லைன்ல கெடைக்குதேம்பான். கெடைக்கும். 2025 மே மாசம், எந்த அலைவரிசை, லைசென்சு வேணுமா வேணாமான்னு ஒண்ணும் சொல்லாம வாக்கி டாக்கி வித்தாங்கன்னு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைங்களுக்கே நோட்டீஸ் விட்டுது. வாங்குற முன்னாடி அந்தப் பொருளுக்கு இ.டி.ஏ. சான்று இருக்கான்னு பாக்கச் சொல்லு. இ.டி.ஏ.ன்னா இன்னான்னு கேப்பான். நீயே சொல்லிக் குடு, இப்பத்தான் உனக்கு எல்லாம் தெரியுமே: வயர்லெஸ் சாமானை விக்கிறதுக்கு முன்னாடி சர்க்கார் கிட்ட வாங்குற கருவி ஒப்புதல்.

பாஸ்வேர்டை மாத்திட்டியா? சரி. எங்கிட்ட சொல்லாத. உங்க ஆயா கிட்ட சுத்தமா சொல்லாத, விளக்கு வெக்கிறதுக்குள்ள மூலக்கடை வரைக்கும் போயிரும், அதுக்கு வைஃபையும் வேணாம்.